முதல் டிராக்டருக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம்

போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து 4 ஏக்கர் வாங்கியிருப்பவர். இன்னொருவர் மாடு ஓட்ட ஆள் கிடைக்காமல் ஏர்மாட்டை விற்றுவிட்டவர். "சார், சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லது?"

கம்பெனி கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதில் பாதி நான் வங்கியில் கற்றது. மீதி கொல்லையில் அடிபட்டுக் கற்றது.

1,000 மணிக் கணக்கு

பொதுத்துறை வங்கி ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்தேன். அதில் 11 வருடம் கிராமக் கிளைகளில் விவசாயக் கடன். அந்த நாளில் டிராக்டர் கடன் விண்ணப்பத்தில், வண்டி வருடத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று காட்ட வேண்டும். நாங்கள் வைத்திருந்த அளவு 1,000 மணி. சொந்த நிலத்தில் இவ்வளவு, வெளி வாடகைக்கு இவ்வளவு என்று எழுதிக் கூட்டினால் 1,000 வர வேண்டும். எல்லா விண்ணப்பத்திலும் வந்துவிடும். கடைக்காரரின் ஆளே பூர்த்தி செய்து எடுத்து வந்துவிடுவார். நாங்களும் கையெழுத்துப் போடுவோம்.

அப்படி நான் கையெழுத்துப் போட்டதில் ஒருவர் 4 ஏக்கர்க்காரர். வாங்கியது 45 எச்.பி. வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைத்துவிடலாம் என்பது திட்டம். அதே வருடம் அதே ஊரில் இன்னும் மூன்று பேரும் அதே திட்டத்தோடு வாங்கினார்கள். நாலு டிராக்டருக்கு அந்த ஊரில் ஏது வேலை? ஆறாவது வருடம் முக்கால் ஏக்கரை விற்றுக் கடனை முடித்தார். கணக்கை மூட வந்த அன்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "சார், உங்களுக்குக் கணக்கு தெரியும். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா கேட்டிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

எனக்கே வந்த ஆசை

ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலை மாவட்டத்தில் அப்பா வழியில் வந்த ஆறரை ஏக்கருக்குத் திரும்பினேன். கொல்லை 3 ஏக்கர், செம்மண், மல்லாட்டையும் கம்பும். கிணற்றுப் பாசனக் கழனி 2 ஏக்கர். மாவும் எலுமிச்சையும் ஒன்றரை ஏக்கர். கையில் ஓய்வுக்காலப் பணம் இருந்தது. இவ்வளவு அனுபவம் இருந்தும் நேராகக் கடைக்குப் போய் 42 எச்.பி. வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். பெரிதாக இருந்தால் எல்லா வேலைக்கும் ஆகும் என்று நினைப்பு.

பக்கத்துக் கொல்லைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "அது சரி மேனேஜரே, அத எந்த வழியா தோப்புக்குள்ள ஓட்டினு போவீங்க?"

மறுநாள் டேப் எடுத்து அளந்தேன். கிணற்று மேட்டுக்கும் புளிய மரத்துக்கும் நடுவே இருக்கும் வழி 5 அடி 6 அங்குலம். கடைக்குப் போய் வண்டியை அளந்தேன். பின் சக்கரத்தின் வெளி விளிம்புக்கு விளிம்பு 5 அடி 10 அங்குலம். அதுவரை வந்த வாடகை டிராக்டர் எப்படி வந்தது? கோடையில் பக்கத்துக் கொல்லை சும்மா கிடக்கும்போது அதன் வழியாக வரும். அங்கே பயிர் நின்றால் நம் நிலத்துக்கு வராது. இதை நான் கவனித்ததே இல்லை.

முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. போகட்டும், அதுவே என் முதல் பாடத்துக்கான கட்டணம்.

பாடம் 1: ஒரு வருடம் வாடகைக்கு ஓட்டி, மணியை எழுதுங்கள்

அந்த வருடம் வண்டி வாங்கவில்லை. 20 ரூபாய் நோட்டு ஒன்று வாங்கினேன். டிராக்டர் நிலத்துக்குள் வந்த ஒவ்வொரு நாளும் தேதி, வேலை, கருவி, மணி, ரூபாய், மண் ஈரம் எப்படி என்று எழுதினேன். கூப்பிட்ட நாள் ஒன்று, வண்டி வந்த நாள் ஒன்று, இரண்டையும் எழுதினேன். இது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வருடக் கடைசியில் வாடகை டிராக்டர் 60 மணி. மணிக்கு 1,200 வீதம் 72,000 ரூபாய். சின்ன டிராக்டர் இதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அதையும் வாய்ப்பேச்சாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த ஊரில் 24 எச்.பி. வைத்திருப்பவரை அழைத்து அரை ஏக்கர் ஓட்டச் சொல்லிக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கில் என் நிலத்துக்கு வந்தது இவ்வளவு:

- கொல்லை (கோடை உழவு, விதைப்புக்கு முன் உழவு, பலதானியப் பயிரை மடக்கி உழுதல்): 24 மணி
- கழனி (சேற்றுழவு இரண்டு போகம், தழையுரம் மிதித்தல்): 20 மணி
- தோப்பில் வரிசைகளுக்கு இடையே வருடத்துக்கு 4 முறை: 12 மணி
- சாணம், மூடாக்குக் குப்பை, அறுவடை ஏற்றி இறக்குதல்: 40 மணி
- உதிரி வேலை: 14 மணி

மொத்தம் 110 மணி. விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிய 1,000 எங்கே, இந்த 110 எங்கே!

பாடம் 2: சொந்த வண்டியின் உண்மையான விலை

கடைக்காரர் சொல்வது வாங்கும் விலை. நமக்கு வேண்டியது ஒரு மணிக்கு ஆகும் விலை. இப்படிப் போடுங்கள்.

டிராக்டர் 5,00,000, கருவிகள் 1,80,000, ஆக 6,80,000 ரூபாய். பத்து வருடம் வைத்திருந்து 2,20,000க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் தேய்மானம் வருடத்துக்கு 46,000. அந்தப் பணத்துக்கு வட்டி, கடன் என்றாலும் கைப்பணம் என்றாலும் போட வேண்டும். சராசரி 4,50,000க்கு 9 சதவீதம் வீதம் 40,500. காப்பீடு, சர்வீஸ், டயருக்கு ஒதுக்கீடு 18,000. ஆக வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் வருடத்துக்கு 1,04,500 ரூபாய்.

இதை 110 மணியால் வகுத்தால் மணிக்கு 950. டீசல் மணிக்கு இரண்டரை லிட்டர், சுமார் 235 ரூபாய். மொத்தம் 1,185. அதே வேலையை வாடகைக்கு விட்டால் 72,000 தான், அதாவது சின்ன வண்டி மணிக் கணக்கில் 655 ரூபாய்.

இரண்டும் சமமாகும் இடம் எது என்று பார்த்தேன். சுமார் 250 மணி. வருடத்துக்கு 250 மணி வேலை இல்லாதவருக்கு, வெறும் பணக் கணக்கில், வாடகைதான் லாபம். உங்கள் ஊர் வாடகை, வட்டி வேறாக இருந்தால் எண் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

கடனில் வாங்குபவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 5 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருடம், அரையாண்டுத் தவணை என்றால் முதல் தவணை அசலும் வட்டியுமாகச் சுமார் 60,700. முதல் வருடம் மட்டும் ஏறக்குறைய 1,20,000 கட்ட வேண்டும். இயற்கை விவசாயத்துக்கு மாறும் முதல் இரண்டு மூன்று வருடம் பலருக்கு விளைச்சல் இறங்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த வருடங்களிலேயே இந்தத் தவணையையும் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பிறகு ஏன் வாங்கினேன்?

நோட்டில் கூப்பிட்ட நாளையும் வந்த நாளையும் எழுதியிருந்தேன் அல்லவா? ஆடியில் நல்ல மழை பெய்தது. மறுநாளே கூப்பிட்டேன். ஊர் முழுக்க அன்றைக்கே கூப்பிட்டிருந்தது. வண்டி வந்தது ஒன்பதாம் நாள். ஈரம் போய்விட்டது. போட்ட மல்லாட்டை பாதிதான் முளைத்தது. மானாவாரியில் அந்த ஒன்பது நாளுக்கு விலை உண்டு. அது மேலே போட்ட கணக்கில் வராது.

ஆனால் அதற்காக 110 மணிக்கு ஒரு வண்டியும் வாங்க முடியாது. பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் இன்னொரு உறவினரிடமும் பேசினேன். அவர்கள் இருவருக்கும் சேர்த்து 190 மணி. என்னுடையதோடு 300. நிலையான செலவு மணிக்கு 350 ஆக இறங்கியது, டீசலோடு 585. அப்போதுதான் வாங்கினேன். வண்டி என் பெயரில். ஓட்டுபவர் டீசல் போட்டுக்கொள்ள வேண்டும், மணிக்கு 350 ரூபாய் பொதுக் கணக்கில் வைக்க வேண்டும். வண்டியில் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்வோம். மழை பெய்தால் யாருக்கு முதலில் என்பதை வருடத்தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதி வைத்துவிடுவோம். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சண்டை வரும்.

கூட்டாளி கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். வேளாண் பொறியியல் துறை தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு இயந்திரங்கள் தருகிறது. உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவு செய்யலாம். 2 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு பவர் டில்லரோ பவர் வீடரோ பல நேரம் போதும். ஏர்மாடும் ஓட்ட ஆளும் இருப்பவர் அவசரப்பட்டு விற்க வேண்டாம். டிராக்டர் சாணி போடாது என்று நம் கூட்டங்களில் சொல்லிச் சிரிப்போம். ஜீவாமிர்தத்துக்கு மாடு வேண்டும் என்கிறபோது அது சிரிப்பு இல்லை, கணக்கு.

பாடம் 3: முதலில் கருவி, பிறகு வண்டி

நிலத்தைத் தொடுவது கருவிதான். டிராக்டர் அதைச் சுமந்து இழுத்துச் சுற்றிவிடுகிறது. ஆகவே எந்த வேலை, அதற்கு எந்தக் கருவி, அதை எந்த வண்டி தாங்கும் என்ற வரிசையில் போக வேண்டும்.

முதல் வருடத்துக்கு நான் சொல்வது இரண்டே கருவி. ஒன்று அஞ்சு கலப்பை, அதாவது ஐந்து கொழு கொண்ட கல்டிவேட்டர். இன்னொன்று சின்ன டிரெய்லர். என் 110 மணியில் 40 மணி சுமை இழுப்புதான் என்பதைப் பாருங்கள். இயற்கை விவசாயத்தில் சாணம், தழை, மூடாக்கு என்று சுமப்பது அதிகம்.

ரோட்டவேட்டரை மூன்றாவதாக, யோசித்து வாங்குங்கள். தழைப் பயிரை நறுக்கி மண்ணில் சேர்க்க அது நல்ல கருவி. ஆனால் ஒரே ஓட்டில் மண் மாவாகிறது என்று மகிழ்ந்து எல்லா உழவுக்கும் அதையே போட்டால் மூன்று கெடுதல். மண்ணின் பொலபொலப்பு உடைந்து, மழை பெய்ததும் மேல்மண் பாளமாக இறுகும். கத்தி ஒரே ஆழத்தில் அடித்து அடித்து நாலைந்து அங்குலத்துக்குக் கீழே கெட்டித் தட்டு உண்டாகும். மூன்றாவது, அருகு இருக்கும் நிலத்தில் அதன் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுவிடும். கோரைக் கிழங்கையும் அப்படியே பரப்பும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு இது பெரிய விஷயம். அருகும் கோரையும் இருந்தால் கோடையில் அஞ்சு கலப்பையை இரண்டு மூன்று முறை ஓட்டி வேரோடும் கிழங்கோடும் மேலே இழுத்து வெயிலில் காயப் போடுங்கள்.

வாங்கவே வேண்டாத கருவிகளும் உண்டு. உளிக்கலப்பை, சட்டிக் கலப்பை இரண்டும் பெரிய வண்டி வேலை. கெட்டித் தட்டு இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதற்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

பாடம் 4: எச்.பி., அகலம், எடை

*எச்.பி.* விளம்பரத்தில் இருப்பது எஞ்சின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேரும் சக்தி குறைவுதான், 24 எச்.பி. எஞ்சினுக்கு ஏறக்குறைய 20, 21 வரும். பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. நீங்கள் பார்க்கும் மாடலின் அறிக்கையைக் கடையில் கேளுங்கள். பி.டி.ஓ. சக்தி, இழுவைச் சக்தி, தூக்கும் எடை எல்லாம் அதில் இருக்கும்.

*ரோட்டவேட்டர் அகலம்.* இங்கேதான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். கடையில் "ஆஃபர்ல வருது சார்" என்று 4 அடி ரோட்டவேட்டரை 24 எச்.பி. வண்டியோடு தள்ளிவிட்டார்கள். காய்ந்த செம்மண்ணில் வண்டி திணறியது, புகை கக்கியது, டீசல் மணிக்கு நாலு லிட்டர் போனது. கடைசியில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு சின்னது வாங்கினேன். பொதுவாக 15 முதல் 18 எச்.பி.க்கு 80 முதல் 90 சென்டிமீட்டர், 20 முதல் 24க்கு ஒரு மீட்டர் அளவில், 27 முதல் 30க்கு 4 அடி என்று வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் பின் சக்கரத் தடத்தையும் ரோட்டவேட்டர் மூட வேண்டும். மூடாவிட்டால் உழுத மண்ணில் சக்கரம் அமுக்கிய கோடு அப்படியே நிற்கும்.

*எடை.* 45 எச்.பி. வண்டி சுமார் 2 டன். சின்ன வண்டிகள் பல 600 முதல் 900 கிலோவுக்குள். மண்புழுவுக்காகப் பாடுபடும் நமக்குச் சின்ன வண்டியின் பெரிய நன்மை இதுதான். ஆனால் ஈரத்தில் இறக்கினால் சின்ன வண்டியும் மண்ணைக் கெடுக்கும். வாங்கிய புதிதில், மழை விட்ட மறுநாளே ஆசையாக ஓட்டினேன். அந்த மல்லாட்டை பிடுங்கும்போது செடி மட்டும் கையோடு வந்தது, காய் பாதி மண்ணிலேயே அறுந்து நின்றுவிட்டது. கூலி ஆட்கள் கடப்பாரை கேட்டார்கள். இப்போது இப்படிச் செய்கிறேன்: நாலு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்து உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து போடுவேன். உதிர்ந்தால் ஓட்டுவேன். உருண்டையாகவே கிடந்தால் வண்டி கொட்டகையிலேயே இருக்கும். சேற்றுழவு மட்டும் இதற்கு விலக்கு.

பாடம் 5: கடையில் பார்க்க வேண்டியவை

டேப் எடுத்துப் போங்கள். உங்கள் வழியின் அகலம், வரிசை இடைவெளி, திரும்ப இடம், தாழ்ந்த கிளையின் உயரம் நான்கையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர் தோப்பில் கிளைக்குக் கிளை மாட்டும்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா? சேற்றுழவு, சரிவான நிலம், சுமை இழுப்பு இருந்தால் வேண்டும். லேசான வண்டிக்குப் பிடிமானம் அதில்தான் கிடைக்கிறது. சமமான மானாவாரிக் கொல்லையில் அஞ்சு கலப்பை மட்டும் ஓட்டுபவருக்கு இரண்டு சக்கர இழுவை போதும், விலையும் குறையும். நாலு சக்கர இழுவையைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டாதீர்கள், டயர் சீக்கிரம் தேயும்.

டபுள் கிளட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வண்டியை நிறுத்தினாலும் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். அடர்ந்த தழையில் இது பெரிய உதவி.

கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பின் அளவு கேளுங்கள். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் முதல் வகை, கீழ்க்கை ஊசி 22 மில்லிமீட்டர். பெரிய வண்டிக் கருவிகளில் இரண்டாம் வகை, 28 மில்லிமீட்டர். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பெரிய கலப்பையை வாங்கினால் மாட்டவும் முடியாது, தூக்கவும் முடியாது. சின்ன வண்டிகளின் தூக்கும் திறன் பொதுவாக 750 கிலோ அளவில். அதுவும் கைகளின் முனையில் அளந்தது. எடை பின்னால் தள்ளிப் போகப் போகக் குறையும், முன் சக்கரமும் மேலே எழும்பும்.

கம்பெனி பற்றி இப்போது கேட்கலாம். மகிந்திரா, குபோட்டா, சுவராஜ், வி.எஸ்.டி., சோனாலிகா, கேப்டன் என்று பலரும் 30 எச்.பி.க்குக் கீழே வண்டி தருகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் மெக்கானிக் இருக்கிறார், டீசல் ஃபில்டரும் கிளட்ச் தட்டும் அங்கே கையிருப்பில் இருக்கிறதா, இந்த இரண்டில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் உங்களுக்கு நல்ல கம்பெனி. ஏற்கெனவே அந்த மாடலை இரண்டு வருடம் ஓட்டியவரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் பேசுங்கள். உங்கள் நிலத்திலேயே, உங்கள் மண்ணிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஏறி அரை மணி உட்காருங்கள். கிளட்சை இருபது முறை மிதியுங்கள். அறுபது வயசு முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும். வீட்டில் வேறு யார் ஓட்டுவார்களோ அவர்களையும் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் என்னைவிட என் மருமகள்தான் தோப்பில் நன்றாக ஓட்டுகிறாள்.

காகித வேலை

டிராக்டர், ஒவ்வொரு கருவி, பதிவு, காப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக விலைப்புள்ளி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவருக்கு 40 சதவீதம் வரை, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உச்சவரம்போடு. வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்றோடு விண்ணப்பியுங்கள். அனுமதி ஆணை கைக்கு வரும் முன் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் தேவையில்லாத ஒன்றை வாங்கவும் வேண்டாம். மீதிப் பாதி நம் பணம்தானே?

உயிர் முதலில்

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9. தோளில் கிடக்கும் துண்டோ, துப்பட்டாவோ, வேட்டி நுனியோ மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் உறை இல்லாமல் ஓட்டாதீர்கள். ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுக்க எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். மட்கார்டு மேல் யாரையும் ஏற்றாதீர்கள், பேரப்பிள்ளை அழுதாலும் சரி. சேற்றில் சிக்கிய எதையும் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். மேல் இணைப்பில் சங்கிலி போட்டு இழுத்தால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாக்க விழும். கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு இருக்கும் வண்டியாகப் பாருங்கள். அப்படி இருந்தால் சீட் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்யுங்கள்

கூட்டத்தில் கேட்ட அந்த இரண்டு பேருக்கும் சொன்னது இதுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். வழியையும் வரிசையையும் அளந்து முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் வாடகைக்கு ஓட்டி மணியை எழுதுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் இருவரின் மணியையும் கேட்டுக் கூட்டுங்கள். 250ஐத் தாண்டினால் கடைக்குப் போகலாம். தாண்டாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு நாட்டுப் பசுவும் ஒரு பவர் வீடரும் வாங்கிக்கொண்டு மீதியை வங்கியில் போடுங்கள்.

சென்னையிலிருந்து வந்தவர் போன வாரம் போன் செய்தார். முதல் பக்கம் எழுதிவிட்டாராம். "சார், எங்க கொல்லைக்கு வழியே பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவுலதான் வருது" என்றார். நல்லவேளை, வண்டி வாங்கும் முன் தெரிந்தது. முதலில் அதைப் பேசி எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.